மலைப்பாதையில் ஐந்து கார்கள்
கின்னௌர் – ஸ்பிட்டி குழுப் பயணத்தைத் திட்டமிடுவது எப்படி?

டெல்லியில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கு விடுமுறை என்றால் பெரும்பாலும் ஊருக்குப் போகும் ரயில்தான். ஜி.டி. எக்ஸ்பிரஸிலோ தமிழ்நாடு எக்ஸ்பிரஸிலோ இடம் கிடைக்காத வருடங்களில் சிம்லா, முசூரி என்று இரண்டு நாள் போய்விட்டு வருவோம். ஆனால் நம் வீட்டுப் பிள்ளைகள் இப்போது சம்பாதிக்கிறார்கள், சொந்தக் கார் வைத்திருக்கிறார்கள். "நாலஞ்சு வண்டியா சேர்ந்து இமயமலைக்குப் போலாம்ப்பா" என்கிறார்கள். சங்கத்தில் என்னைப் பார்க்கிறவர்களில் பலர் கேட்பதும் இதைத்தான். நான் இரண்டு முறை இப்படிப் போயிருக்கிறேன். முதல் முறை தவறாகப் போனேன், இரண்டாம் முறை சரியாகப் போனேன். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எடுத்துக்கொண்டிருக்கும் பாதை டெல்லியிலிருந்து சிம்லா, கின்னௌர், ஸ்பிட்டி வழியாக மணாலிக்கு வந்து டெல்லி திரும்பும் வட்டப் பாதை. கார் ஓட்டுவதில் ஆசை உள்ளவர்களுக்கு வட இந்தியாவில் இதைவிட அழகான பாதை அதிகம் இல்லை என்பது என் கருத்து. காலையில் ஆப்பிள் தோட்டங்களின் நடுவே புறப்பட்டு, மாலையில் ஒரு புல்கூட இல்லாத குளிர்ப் பாலைவனத்தில் போய் இறங்கலாம். மழைமேகங்களைத் தெற்கேயுள்ள மலைத்தொடர்கள் தடுத்துவிடுவதால் ஸ்பிட்டி மழைமறைவுப் பிரதேசம். லாங்சா கிராமத்தைச் சுற்றியுள்ள பாறைகளில் கடல்வாழ் உயிரினங்களின் புதைபடிவங்கள் கிடைக்கின்றன. பல கோடி ஆண்டுகளுக்கு முன் டெதிஸ் என்ற கடலின் அடித்தளமாக இருந்த நிலம்தான் இன்று நாலாயிரம் மீட்டருக்கு மேலே நிற்கிறது. கடற்கரை ஊர்க்காரர்களான நமக்கு அதைப் பார்க்கும்போது வரும் வியப்பே தனி.

முதல் பயணம்: நாங்கள் செய்த தவறு

2016இல் ஆறு கார்களில் கிளம்பினோம். லீவு குறைவு என்பதால் மணாலி வழியாகப் போவது என்று முடிவு. முதல் நாள் டெல்லியிலிருந்து மணாலி, மறுநாள் ரோத்தாங், குன்சும் கணவாய்களைத் தாண்டி காசா. அதாவது கடல்மட்டத்துக்கு இருநூறு மீட்டர் சொச்சத்தில் இருக்கும் டெல்லியில் வாழ்கிறவர்கள், இரண்டாவது இரவே ஏறத்தாழ 3,700 மீட்டரில் படுத்தோம். நம் ஊர் தொட்டபெட்டாவின் உயரமே 2,637 மீட்டர்தான் என்பதை நினைத்துப் பாருங்கள்.

எங்களோடு வந்த நண்பர் ஒருவரின் அப்பாவுக்கு அப்போது 67 வயது. எல்லோரும் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவோம். மணாலியை விட்ட சில மணி நேரத்திலேயே அவருக்குத் தலைவலி ஆரம்பித்துவிட்டது. சொல்லவில்லை. காசாவில் சாப்பாடு வேண்டாம் என்றார். பயணக் களைப்பு என்று நினைத்தோம். இரவு இரண்டு மணிக்கு வாந்தி. எழுந்து நடந்தபோது கால் பின்னியது. அங்கிருந்த அரசு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஆக்சிஜன் வைத்த மருத்துவர், "உடனே கீழே இறக்குங்கள், இதற்கு அதுதான் வைத்தியம்" என்றார். இருட்டிலேயே தாபோ வழியாகக் கின்னௌர் பக்கம் இறங்கி ரெக்காங் பியோ வந்து சேர்ந்த பிறகுதான் அவருக்குத் தெளிவு வந்தது. பிழைத்தார். "ஏன் மாமா முதல்லயே சொல்லலை?" என்று கேட்டேன். "என்னால மத்தவங்க ட்ரிப் கெடக்கூடாதுன்னு பாத்தேன்" என்றார்.

அதே பயணத்தில் இன்னொன்று. கடைசி வண்டியை ஓட்டியவர் மலைக்குப் புதியவர். முன்னால் போகிறவர்களோடு ஈடுகொடுக்க வேண்டுமே என்று தன் பழக்கத்துக்கு மீறி ஓட்டினார். பாதல் அருகே ஒரு கல்லில் அடிபட்டு இன்ஜின் ஆயில் சம்ப் உடைந்தது. நாங்கள் அதைக் கவனித்தது குன்சும் உச்சியில் டீ குடிக்க இறங்கியபோதுதான். "கொஞ்சம் மெதுவா போங்கன்னு சொல்லியிருக்கலாமே" என்றதற்கு, "எல்லாரும் நல்லா போய்ட்டிருந்தீங்க, நான் எப்படி சொல்றது?" என்றார்.

வீடு திரும்பியபின் யோசித்ததில் எனக்கு ஒன்று விளங்கியது. குழுப் பயணத்தில் மலையைவிட ஆபத்தானது நம் கூச்சம். தனியாகப் போகிறவன் முடியவில்லை என்றால் நின்றுவிடுவான். பத்துப் பேரோடு போகிறவன், மற்றவர்கள் சந்தோஷத்தைக் கெடுக்கக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டு வருவான். ஆகவே நல்ல திட்டம் என்பது, "எனக்கு முடியலை" என்று எவரும் வெட்கப்படாமல் சொல்ல இடம் வைத்த திட்டம். கீழே சொல்லும் விதிகள் எல்லாம் இந்த ஒன்றிலிருந்து பிறந்தவைதான்.

தூரத்தைப் பார்க்காதீர்கள், உயரத்தைப் பாருங்கள்

காற்றில் ஆக்சிஜனின் விகிதம் எல்லா உயரத்திலும் 21 சதவீதம்தான். ஆனால் மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைகிறது. காசாவின் உயரத்தில் கடல்மட்ட அழுத்தத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவாகவே இருக்கும். ஒவ்வொரு மூச்சிலும் அவ்வளவு ஆக்சிஜன்தான் கிடைக்கிறது. உடம்பு இதற்குப் பழகச் சில நாட்கள் வேண்டும். மருத்துவர்கள் சொல்லும் பொது விதி: 3,000 மீட்டருக்கு மேல், இரவு தூங்கும் இடத்தின் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் ஒரு நாள் தங்க வேண்டும். பகலில் அதிக உயரம் ஏறிவிட்டு இரவில் இறங்கித் தூங்குவது நல்லது.

அதனால்தான் கின்னௌர் வழியாக மேலே போய் மணாலி வழியாக இறங்க வேண்டும் என்கிறேன். 2022 செப்டம்பரில் நாங்கள் வகுத்த திட்டம் இது:

முதல் நாள்: டெல்லி – சிம்லா – நார்க்கண்டா, சுமார் 410 கி.மீ. விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்ப வேண்டும். இரவு சுமார் 2,700 மீட்டரில்.

இரண்டாம் நாள்: ராம்பூர், வாங்து, கர்ச்சாம் வழியாக சாங்லா, சுமார் 160 கி.மீ. கர்ச்சாமில் பாஸ்பா ஆறு சட்லெஜ்ஜில் கலக்கிறது. இரவு உயரம் முதல் நாள் போலவே.

மூன்றாம் நாள்: சாங்லாவிலேயே தங்கி, 3,450 மீட்டரில் உள்ள சிட்குல் கிராமம் வரை ஏறி இறங்குவது.

நான்காம் நாள்: கல்பா, 50 கி.மீ. மட்டுமே. எதிரே கின்னர் கைலாசம். இரவு சுமார் 2,960 மீட்டரில்.

ஐந்தாம் நாள்: தாபோ, சுமார் 160 கி.மீ. வழியில் கப் என்ற இடத்தில் ஸ்பிட்டி ஆறு சட்லெஜ்ஜோடு சேர்வதைக் காணலாம். மதியச் சாப்பாடு நாக்கோவில். பலர் 3,600 மீட்டருக்கு மேலுள்ள நாக்கோவிலேயே தங்குவார்கள். கல்பாவிலிருந்து வருகிறவர்களுக்கு அது ஒரே தாவல். 3,280 மீட்டரில் உள்ள தாபோவுக்கு இறங்கிவிடுவது மேல். கி.பி. 996இல் நிறுவப்பட்ட தாபோ புத்த மடாலயத்தின் மண் சுவர்களுக்குள் இன்றும் வழிபாடு நடக்கிறது. பழைய கோயிலுக்குள் படம் எடுக்கக் கூடாது.

ஆறாம் நாள்: தன்கர் பார்த்துவிட்டு காசா. தாபோவிலிருந்து நேர்வழியில் 50 கி.மீ.க்குள்தான்.

ஏழாம் நாள்: காசாவில் தங்கி கீ மடாலயம், லாங்சா, உலகின் மிக உயரமான அஞ்சலகங்களில் ஒன்றான ஹிக்கிம். அங்கிருந்து ஊருக்கு ஒரு தபால் அட்டை போட்டுவிடுங்கள்.

எட்டாம் நாள்: வெற்று நாள். இதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

ஒன்பதாம் நாள்: லோசர், குன்சும் கணவாய், பாதல், கிராம்ஃபூ வழியாக மணாலி. 200 கி.மீ.தான் என்றாலும் ஒன்பது பத்து மணி நேரம் ஆகும். 2020 அக்டோபரில் 9 கி.மீ. நீளமுள்ள அடல் சுரங்கப்பாதை திறந்தபிறகு ரோத்தாங் உச்சியில் ஏற வேண்டிய அவசியம் இல்லை.

பத்து, பதினொன்றாம் நாட்கள்: சண்டிகரில் ஓர் இரவு தங்கி டெல்லி.

"அம்பது கிலோமீட்டருக்கு ஒரு நாளா?" என்று இளைஞர்கள் முகம் சுளிப்பார்கள். அந்த ஐம்பது கிலோமீட்டரில்தான் உடம்பு பழகுகிறது என்று சொல்லுங்கள்.

எந்த மாதம் என்பதும் முக்கியம். குன்சும் கணவாய் பெரும்பாலும் ஜூனில் திறந்து, அக்டோபர் வாக்கில் பனியால் மூடும். ஜூலை, ஆகஸ்டில் ஸ்பிட்டியில் மழை குறைவு என்றாலும் அங்கே போகும் கின்னௌர் பாதை மழையில் சரியும். 2021 ஜூலையில் சாங்லா பள்ளத்தாக்கின் பத்சேரியில் பாறைகள் விழுந்ததில் சுற்றுலாப் பயணிகள் ஒன்பது பேர் இறந்தார்கள். அடுத்த மாதமே நிகுல்சாரியில் மலை சரிந்து ஒரு பஸ்ஸே புதைந்தது. ஆகவே ஜூன் பிற்பாதி அல்லது செப்டம்பர்தான் நல்லது.

வண்டியைத் தயார் செய்வது

சர்வீஸைக் கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்னதாகவே செய்யுங்கள். புது பிரேக் பேட் பழக நாள் பிடிக்கும். மெக்கானிக் விட்ட குறை எதுவானாலும் ஊருக்குள் ஓட்டும்போதே தெரிந்துவிடும்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. பழைய ஆயிலில் நீர் கலந்திருக்கும். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூட்டில் அது கொதித்து ஆவியாகி, பெடல் பஞ்சு போல உள்ளே போய்விடும். எனவே ஆயிலை மாற்றிவிட்டு வருவதும், எந்த கியரில் ஏறுவோமோ அதே கியரில் இறங்குவதும் அவசியம். வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளிலோ கொல்லிமலையின் 70 வளைவுகளிலோ ஓட்டியவர்களுக்கு இது புதிதில்லை.

டர்போ இல்லாத இன்ஜின் ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் ஏறத்தாழ பத்து சதவீத சக்தியை இழக்கும். 4,500 மீட்டருக்கு மேலுள்ள குன்சுமில் பாதியைச் சற்றே தாண்டிய சக்திதான் மிஞ்சும். வண்டி இழுக்கவில்லையே என்று பயப்பட வேண்டாம். ஏசியை நிறுத்திவிட்டுக் கீழ் கியரில் போனால் ஏறிவிடும். சுமையைக் குறையுங்கள். ஐந்து பேர் உட்காரும் சின்னக் காரில் நாலு பேர் போதும்.

கல்பாவை விட்டால் காசாவில்தான் பெட்ரோல் என்று வைத்துக்கொள்ளுங்கள். காசாவை விட்டால் சுரங்கத்தைத் தாண்டும்வரை கிடையாது. வழியில் எங்கே பங்க் கண்ணில் பட்டாலும் டேங்க்கை நிரப்பிவிடுவதே உத்தமம். ஒவ்வொரு வண்டியிலும் நல்ல ஸ்டெப்னி, ஜாக்கி இருக்க வேண்டும். இழுவைக் கயிறு, பஞ்சர் கிட், காற்றடிக்கும் பம்ப், பேட்டரி கேபிள் ஆகியவை குழுவுக்கு இரண்டு செட் போதும்.

சமையல் செய்கிறவர்களுக்கு ஒரு சொல். காசாவில் தண்ணீர் 87, 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் அரிசி வேகவே வேகாது. குக்கரை மறந்துவிட்டால் பதினொரு நாளும் மேகிதான்!

சாலையில் நடந்துகொள்ளும் முறை

ஐந்து கார்களுக்கு மேல் வேண்டாம். அதற்கு மேல் போனால் தங்க அறை கிடைப்பதும் கஷ்டம், ஒருவரை ஒருவர் கண்ணில் வைத்திருப்பதும் கஷ்டம்.

வண்டிகளுக்கு ஒன்று முதல் ஐந்து வரை எண் கொடுத்து, அந்த வரிசை மாறாமல் போங்கள். முதல் வண்டியை ஓட்டுகிறவர் பாதை தெரிந்தவராக இருக்கட்டும். கடைசி வண்டி அனுபவசாலியிடம் இருக்கட்டும். கருவிப்பெட்டியும் மருந்துப்பெட்டியும் அங்கேதான் இருக்க வேண்டும். எல்லோரையும்விடப் புதிய ஓட்டுநரை இரண்டாவதாக வையுங்கள். அவர் வேகம்தான் குழுவின் வேகம். இதை முதல் நாளே எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டால் அவருக்கு வெட்கமும் இல்லை, மற்றவர்களுக்கு முணுமுணுப்பும் இல்லை.

முன்னால் போகும் வண்டியைத் துரத்துவதை விட்டுவிடுங்கள். பின்னால் வரும் வண்டிக்கு நீங்கள்தான் பொறுப்பு. கண்ணாடியில் அது தெரியவில்லை என்றால் நல்ல இடம் பார்த்து நில்லுங்கள். உங்களுக்கு முன்னால் இருப்பவரும் உங்களைக் காணாமல் நிற்பார். இப்படி இரண்டு மூன்று நிமிடத்தில் மொத்தக் குழுவும் தானாகவே நின்றுவிடும். செல்போன் சிக்னல் இல்லாத பள்ளத்தாக்கில் இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. 2016இல் இந்த ஒரு விதி இருந்திருந்தால், ஆயில் ஒழுகும் வண்டியை விட்டுவிட்டுக் குன்சும் வரை போயிருக்க மாட்டோம்.

குறுகிய இடத்தில் ஏறி வரும் வண்டிக்கு இறங்குகிறவர் வழிவிட வேண்டும். இது மரியாதை மட்டுமில்லை, சட்டமும்கூட. பாதலுக்கும் கிராம்ஃபூவுக்கும் நடுவே நாலாக்கள் ரோட்டைக் கடந்து ஓடும். வெயில் ஏற ஏறப் பனி உருகி மதியத்துக்கு மேல் தண்ணீர் பெருகும். அதனால் காசாவிலிருந்து விடியற்காலையிலேயே கிளம்பி, மதியத்துக்குள் அந்தப் பகுதியைத் தாண்டப் பாருங்கள். மலையில் இருட்டியபின் ஓட்டுவதில்லை என்பது பொது விதி.

கேட்க வேண்டிய கேள்வி, ஒதுக்க வேண்டிய நாள்

இனி முக்கியமான மூன்று ஏற்பாடுகள்.

முதலாவது, இரவுக் கேள்வி. தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு ஒருவர் எல்லோரையும், குழந்தைகள் உட்பட, பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்: தலைவலி உண்டா, குமட்டல் உண்டா, சாப்பிட்டாயா, நேற்றுத் தூங்கினாயா? "எல்லாரும் ஓகேதானே?" என்று பொதுவாகக் கேட்டால் எல்லோரும் தலையாட்டிவிடுவார்கள். தலைவலி இருந்தால் மறுநாள் உயரம் ஏறுவதில்லை. நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நேரம் பார்க்காமல் கீழே இறங்க வேண்டும். கையில் வைத்திருக்கும் சின்ன ஆக்சிஜன் டப்பா இதற்கு மாற்றாகாது. அசிட்டசோலமைடு என்ற மாத்திரை பற்றிச் சொல்வார்கள். அது எல்லோருக்கும் ஒத்துக்கொள்வதில்லை, எனவே டெல்லியிலேயே உங்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். இதய நோய், நுரையீரல் நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவர் சம்மதம் இல்லாமல் வரக் கூடாது.

இரண்டாவது, வெற்று நாள். பத்து நாள் லீவு இருந்தால் ஒன்பது நாளுக்கு மட்டும் திட்டம் போடுங்கள். யாராவது படுத்துக்கொண்டாலோ, ரோடு அடைபட்டாலோ அந்த நாள் கைகொடுக்கும். அதன் செலவை எல்லோரும் சமமாக முன்கூட்டியே பொதுப் பணத்தில் போட்டுவிட வேண்டும். அப்போதுதான் நோயாளி, "என்னால எல்லாருக்கும் நஷ்டம்" என்று நினைக்க மாட்டார்.

மூன்றாவது, திரும்பும் விதி. முன்னேறுவதற்கு எல்லோரும் சம்மதிக்க வேண்டும். நிற்பதற்கு ஒருவர் சொன்னால் போதும். இதில் ஓட்டெடுப்பு கிடையாது, காரணமும் கேட்கக் கூடாது.

2022 பயணத்தில் மாமாவும் வந்தார். மருத்துவர் கல்பா வரைதான் என்று சொல்லிவிட்டார். ஆகவே அவர் மகனுடைய காரைக் கல்பாவிலிருந்து திரும்பும் காராகவே திட்டத்தில் எழுதிவிட்டோம். யாரும் யாரையும் விட்டுவிட்டுப் போன மாதிரி ஆகவில்லை. ஒரு பகல் முழுக்கக் கின்னர் கைலாசத்தைப் பார்த்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருந்துவிட்டு, சந்தோஷமாகக் கையசைத்து வழியனுப்பினார்.

மீதி நான்கு கார்களும் எட்டாம் நாள் காலை, வெற்று நாளைக் கையில் வைத்துக்கொண்டு, குன்சுமை நோக்கிக் கிளம்பின. லோசர் சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள். இரவில் கணவாயில் பனி விழுந்திருக்கிறது, பெரிய வண்டிகள் போகப் பார்க்கின்றன, சின்னக் கார்கள் உங்கள் விருப்பம் என்றார்கள். எங்களில் இரண்டு பேர், "லாரி தடத்துலயே போயிடலாம் சார், என்ன ஆகிடப் போகுது" என்றார்கள். எனக்கும் உள்ளூர ஆசைதான், மறைப்பானேன். அப்போது மூன்றாவது காரை ஓட்டி வந்த பெண், "எனக்குப் பயமா இருக்கு, நான் வரலை" என்றார். அவ்வளவுதான். ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை. காசாவுக்குத் திரும்பினோம். வெற்று நாள் அதில் கழிந்தது. மறுநாளும் நிலைமை மாறாததால் வந்த வழியே இறங்கி, தாபோவில் ஓர் இரவும் நார்க்கண்டாவில் ஓர் இரவும் தங்கி, சொன்ன தேதியில் டெல்லி வந்து சேர்ந்தோம். லாரித் தடத்தில் போயிருந்தால் ஒன்றும் ஆகாமலேயே போயிருக்கலாம். ஆனால் 2016இல் நின்றுபோன பேச்சுவார்த்தைகளைப் போல இந்தமுறை எதுவும் நிற்கவில்லை. அந்த நான்கு குடும்பங்களும் பொங்கலுக்கு எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் மாமாவுக்குப் போன் செய்து, குன்சும் பார்க்காமலே திரும்பிவிட்டோம் என்றேன். "அது எங்கே போயிடப் போகுது" என்று சிரித்தார். பிறகு, "யாருக்காவது தலைவலி வந்துதா? சொன்னாங்களா?" என்று கேட்டார். ஒரு பையனுக்குத் தாபோவில் வந்தது, அன்றிரவே சொல்லிவிட்டான் என்றேன். "அப்போ சரி" என்றார்.

நீங்களும் கிளம்பும்போது, ஹோட்டல் முன்பதிவு செய்வதற்கு முன்னால், வருகிற எல்லோரையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரே வீட்டில் உட்காரவைத்து இந்த மூன்று ஏற்பாடுகளையும் பேசி முடித்துவிடுங்கள். இதற்கு ஒப்பாதவர் எவ்வளவு நல்ல ஓட்டுநராக இருந்தாலும் வேறு குழுவோடு போகட்டும். உங்கள் பயணம் இனிதே அமையட்டும்.